ரெகுலரா, கரஸா?

அந்தச் செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. கம்பெனியில் லைனில் நிற்கும்போது போன் வைத்திருக்கக் கூடாது. காலை ஆறு மணிக்கு லாக்கரில் போட்டால் பதினொரு மணிச் சாப்பாட்டு இடைவேளையில்தான் எடுத்துப் பார்க்க முடியும். பி.ஏ. வரலாறு, ஷிப்ட் 2, இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும். அரசுக் கல்லூரி. சாம்பார் சாதத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு நான்கு முறை படித்தேன். சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

ஏனென்றால் ஒரு மாதத்துக்கு முன்புதான் கரஸில் சேர்ந்திருந்தேன். விளம்பரங்களில் அதற்குத் தொலைதூரக் கல்வி என்று பெயர். எங்கள் வாயில் கரஸ். கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டது கோடையில். முதல் பட்டியலில் பெயர் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. அதோடு அதை மறந்துவிட்டு, ஒரகடம் கூட்டுரோட்டில் இருக்கும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கரஸுக்குப் பணம் கட்டினேன். இப்போது காலியான இடங்களுக்கு ஆள் எடுக்கிறார்களாம்.

எனக்கு அப்போது இருபத்து மூன்று நடந்துகொண்டிருந்தது. பிளஸ் டூ முடித்துவிட்டு மதுரையில் கேட்டரிங் படிப்பில் நான்கு மாதம் இருந்தேன். பிறகு ஐ.டி.ஐ.யில் ஒரு வருடம். பிறகு திருப்பூர், எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டல், ஓசூர், கடைசியாக இங்கே, கார் சீட் செய்யும் கம்பெனியில் ஒப்பந்த ஆள். ஸ்பாஞ்ச் மேல் உறையை இழுத்து மாட்டி, அடியில் கம்பி வளையம் போட்டு இறுக்குவது என் வேலை. இரண்டு கட்டை விரலிலும் தோல் உரிந்து காய்த்துவிட்டது. வேலை அப்படி ஒன்றும் மோசமில்லை. மோசமானது டீக்கடைச் சுவரில் இருந்தது. அங்கே ஒட்டியிருக்கும் ஆள் தேவை நோட்டீஸ் எல்லாவற்றிலும் வயது பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வரை என்றுதான் போட்டிருக்கும். டீ குடிக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகும். இருபத்தாறு வயதானவர்கள் எங்கே போகிறார்கள் என்று யாரும் சொன்னதில்லை.

ஷிப்ட் முடிந்து கல்லூரிக்குப் போன் செய்தேன். அலுவலகத்தில் ஒருவர் எடுத்தார். என் பிறந்த தேதியைக் கேட்டு ஏதோ தட்டிப் பார்த்தார்.

"வயசு இந்த வருஷத்தோட சரி தம்பி. அடுத்த வருஷம் அப்ளிகேஷனையே எடுக்காது. வெள்ளிக்கிழமை வந்துடு. பன்னெண்டுன்னா பன்னெண்டுதான்."

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் அறை. என்னோடு தங்கியிருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னைவிட ஆறு வயது மூத்தவர், வேறொரு கம்பெனியில் சரக்குத் தூக்கும் ஃபோர்க் லிப்ட் ஓட்டினார். அந்த வாரம் அவருக்கு வார ஓய்வு செவ்வாய். செய்தியைக் காட்டினேன்.

"நாள் முழுக்க கார்க்காரனுக்கு சீட்டு பண்ணுத. இப்பத்தான் உனக்கு ஒரு சீட்டு கெடச்சிருக்கு" என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஏல, ஷிப்ட் டூன்னு போட்டிருக்கே. காலேஜிலயும் செகண்ட் ஷிப்டா? அப்ப ராத்திரி பன்னெண்டு மணிக்குத்தான் விடுவானுவளா? கம்பெனி பஸ் உண்டான்னு கேட்டியா?"

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. போனில் பேசியவர்தான் விளக்கியிருந்தார். பிள்ளைகள் அதிகம், வகுப்பறை குறைவு. அதனால் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். ஷிப்ட் 2 என்றால் மதியம் ஒன்றரையிலிருந்து மாலை வரை.

அவர் உடனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். "அப்ப சோலி சுளுவு. உன் சூப்பர்வைசர்ட்ட நைட்டே கேட்டு வாங்கு. ராத்திரி கம்பெனி, மத்தியானம் காலேஜி."

"தூக்கம்ணே?"

"வாத்தியார் பாடம் நடத்துகப்ப தூங்கு. எல்லாவனும் அப்படித்தான படிச்சான்."

"அதான் கரஸ் சேந்துட்டேனே. ஞாயித்துக்கிழமை வகுப்பு, வேலையும் போகாது. அதையே படிச்சா என்னண்ணே?"

அவர் டேபிள் ஃபேனைக் காட்டினார். அது நின்றுகொண்டிருந்தது அவருடைய கரஸ் புத்தகக் கட்டின் மேல். அவர் பி.காம். சேர்ந்து ஐந்து வருடம். கட்டிய சணல் கயிறுகூட அவிழவில்லை.

"கரஸ்ல சேந்தா புஸ்தகம் வரும். படிப்பு வராது. நான் கண்ணால கண்டது" என்றார்.

அந்த நேரத்தில் வீட்டுக்கார அக்கா மோட்டார் போட மேலே வந்தார். அந்த ஊர்க்காரர். நிலம் இருந்த இடத்தில் வரிசையாக எட்டு அறை கட்டி எங்களைப் போன்றவர்களுக்கு விட்டிருந்தார்.

"இன்னாபா, ரெண்டு பேரும் மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீறீங்க?"

"இவன் காலேஜுக்குப் போவப் போறான்க்கா. ரெகுலரு, தெனமும் போவணும்."

"போயி?" அக்கா இடுப்பில் கை வைத்தார். "எம்புள்ளயும் போனான். நாலு வருசம், இன்ஜினியரு. பஸ்ஸு வூட்டாண்டயே வந்து ஏத்திகினு போச்சு. இப்ப ஃபாரத்துல பிளஸ் டூன்னு எழுதிக் குட்த்துட்டு லைன்ல நிக்கிறான். டிகிரி பீரோல கீது." சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "ஆர் கைலயும் சொல்லிக்காதீங்க. தெரிஞ்சா வேல பூடும்."

அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். லைனுக்குப் பிளஸ் டூ, ஐ.டி.ஐ. படித்தவர்களைத்தான் எடுப்பார்கள். பட்டம் வாங்கியவன் நிலைக்க மாட்டான், கேள்வி கேட்பான் என்று ஒரு எண்ணம். இந்த விதியை யாரும் காகிதத்தில் பார்த்ததில்லை. ஆனால் டிகிரி இருப்பது தெரிந்து வெளியே அனுப்பப்பட்ட ஒருவனை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மற்ற ஊர்களில் படிக்காததை மறைப்பார்கள். இங்கே படித்ததை மறைக்க வேண்டும். பட்டம் வாங்காமல், வாங்கப் போகிறவனை என்ன செய்வார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. கரஸ் சேர்ந்ததை நான் கம்பெனியில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மாலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்தப் படிப்போ, நீயே பாத்துக்கய்யா. பாதியில மட்டும் வந்து நிக்காத" என்றாள். முழுநேரம் போனால் வீட்டுக்கு நான் அனுப்புவது நின்றுவிடும். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

புதன்கிழமை சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். மறைமலை நகர்க்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் பத்து பேர் கேட்கும்படி பேசுவார்.

"சார், எனக்குத் தொடர்ந்து நைட்டே போட்டுக் குடுங்க சார்."

"இன்னாது?" கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார். "ஊர்ல கீறவன்லாம் நைட்டு வாணாம்னு வந்து கால்ல வியறான். நீ வோணும்ன்ற. பகல்ல வேற கம்பெனில டூட்டி பாக்கறியா?"

"இல்ல சார்."

"லவ்வா?"

"இல்ல சார்."

"ரெண்டும் இல்லன்னா அப்பறம் இன்னாத்துக்குடா நைட்டு? பேய் புட்ச்சிகிச்சா?"

லைனே சிரித்தது. நானும் சிரித்தேன். "வாரா வாரம் மாறிகினேதான் இருக்கும். கம்பெனி ரூலு. போ, சீட்டு வந்துகினே கீது பாரு" என்றார். போகும்போது என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பக்கத்தில் நின்றவன் சொன்னான்.

ஆக, இரண்டையும் சேர்த்துச் செய்யும் வழி அடைபட்டுவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றை விடுவது. எதை என்று தெரியவில்லை. அன்று வளையம் போடும் துப்பாக்கி இரண்டு முறை விரலில் பட்டது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லைன் லீடர் வந்து, கேட்டில் எனக்குப் பார்சல் வந்திருப்பதாகச் சொன்னான். கரஸ் புத்தகம்.

தவறு என்னுடையதுதான். விண்ணப்பத்தில் முகவரி கேட்டார்கள். இங்கே வந்த ஒரு வருடத்தில் நான் நான்கு அறை மாறியிருந்தேன். வாட்டர் கேன் கடைக்குப் பின்னால் மாடி வரிசையில் மூன்றாவது அறை என்று எழுதினால் எந்தத் தபால்காரரும் வர மாட்டார். எங்களுக்கெல்லாம் ஏ.டி.எம். கார்டு, ஆதார் எல்லாமே கம்பெனி முகவரிக்குத்தான் வரும். பழக்க தோஷத்தில் அதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். யாருக்குத் தெரியக் கூடாதோ அவர்கள் வாசலுக்கே புத்தகத்தை வரவழைத்திருந்தேன்.

டீ இடைவேளையில் ஓடினேன். கேட்டில் இருந்த காவலர் வேலூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்திலிருந்து வந்தவர். பார்சலின் மேல் பி.ஏ. வரலாறு, முதலாம் ஆண்டு, பாட நூல்கள் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

"பி.ஏ.வா படிக்கிற? பரவால்லியே!" என்று சத்தமாகச் சொன்னார். பார்சலைக் கொடுக்கவில்லை. "வெளிய எடுத்துனு போகணும்னா கேட் பாஸ் வேணும்."

"இன்னும் உள்ளயே வரலையே சார். கேட்டுலதான இருக்கு?"

"கேட்டும் கம்பெனிதாம்பா. ரெஜிஸ்டர்ல ஏத்திட்டேன். ஏத்தினது எறங்கணும்னா கையெழுத்து வேணும்."

கேட் பாஸ் என்பது கம்பெனியை விட்டு எந்தப் பொருள் வெளியே போனாலும் போட வேண்டிய சீட்டு. பொருள் என்ன, எத்தனை, எதற்கு என்று எழுத வேண்டும். எழுதினேன். சூப்பர்வைசர் அதை வாங்கிப் படித்தார். இந்த முறை அவர் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இதுக்குத்தான் நைட்டா?" என்றார். "நான் கையெழுத்துப் போட மாட்டேம்பா. ஹெச்.ஆர். மேடத்தாண்ட போ."

ஹெச்.ஆர். மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். குளிர்ந்த அறை. என் சட்டையிலிருந்து ஸ்பாஞ்ச் தூள் அவர் மேஜை மேல் விழுந்தது. அதைத் துடைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் சீட்டைப் பார்த்தார், கணினியில் என் பெயரைப் பார்த்தார்.

"ரெகுலரா?" என்று கேட்டார்.

"ரெகுலர்தான் மேடம். ஒருநாள்கூட விட்டதில்ல."

எங்கள் லைனில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். லீவு போடாமல் வருகிறவன் ரெகுலர். மாதக் கடைசியில் பலகையில் பெயர் எழுதுவார்கள். வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் பதற்றத்தில் எனக்கு அந்த அர்த்தம்தான் காதில் விழுந்தது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒருநாள்கூட விடாம காலேஜ் போறீங்களா? அப்ப இங்க உங்க பேர்ல யாரு வர்றது?"

எனக்குப் புரியவில்லை. "நான்தான் மேடம் வர்றேன்."

"உங்க கார்டை யாரு பஞ்ச் பண்றா?"

அப்போதுதான் உறைத்தது. அவர் கேட்டது படிப்பைப் பற்றி. ஒருவன் கார்டை இன்னொருவன் அடித்துப் பிடிபட்டால் அன்றே இரண்டு பேரும் வெளியே. அவர் அதற்குள் சூப்பர்வைசரை வரச் சொல்லிவிட்டார். அவரும் வந்து, உள்ளதைச் சொன்னார். "டெய்லி வர்றாம்மா, நானே பாக்கறேன். ஆனா நேத்து நைட்டே குடுன்னு கேட்டான். எதுக்குன்னு கேட்டா சொல்லல." உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

மூன்று மாத வருகைப் பதிவை எடுத்தார்கள். கேட் கேமராவைப் பார்க்கலாமா என்று பேசினார்கள். நான் நடுவில், "கரஸ் மேடம், அது கரஸ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை. சூப்பர்வைசர்தான் கடைசியில், "தபால்ல படிக்கிறதும்மா" என்றார்.

"டிஸ்டன்ஸா?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அத முதல்லயே சொல்லக் கூடாதா?"

சிரித்தார். சூப்பர்வைசரும் சிரித்தார்.

"டிஸ்டன்ஸ் பிரச்சினையில்ல. முடிக்கிற வரைக்கும் நீங்க பிளஸ் டூதான்."

"முடிச்சப்பறம் மேடம்?"

"முடிச்சுட்டு வாங்க, பேசலாம். முடிச்சேன்னு இதுவரைக்கும் யாரும் வந்து நின்னதில்ல." அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "இவ்வளவு பேச்சு வந்துடுச்சு, எனக்கு ஒரு லெட்டர் வேணும். நான் எந்தக் கல்லூரியிலும் ரெகுலராகப் படிக்கவில்லை. இங்கே வேலையில் இருக்கும்வரை ரெகுலர் படிப்பில் சேர மாட்டேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு பார்சலை எடுத்துக்கங்க."

முதல் வரியை எழுதினேன். அது உண்மை. இரண்டாவது வரியில் பேனா நின்றது.

"மேடம், ரெண்டாவது வரி வேணுமா?"

"அதுதான் எனக்கு வேணும். இன்னிக்கு நீங்க படிக்கலைன்னு எனக்கே தெரிஞ்சிடுச்சே. நாளைக்கு?"

நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விடலாம். அந்த எண்ணம் வந்ததும் உடம்பு லேசானது, கால் தானாக நகரப் பார்த்தது. அந்த லேசு எனக்குப் பழக்கமானது. மதுரையில் பெட்டியைத் தூக்கியபோது வந்தது, திருப்பூரில் வந்தது, ஓசூர் பஸ்ஸில் ஏறியபோதும் வந்தது. கல்லூரி மேல் ஆசையா, கிளம்புவது மேல் ஆசையா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்காரப் போகிறவனுக்கு வர வேண்டிய உணர்ச்சி அது இல்லை என்று மட்டும் பட்டது. கரஸும் பயம்தான். அங்கே நான் படிக்காவிட்டால் கேட்க ஓர் ஆள் கிடையாது. ஃபேனுக்கு அடியில் போகும் அடுத்த கட்டு என்னுடையதாக இருக்கலாம்.

எழுதினேன். சேர மாட்டேன் என்பதில் 'ர' விட்டுப்போய் மேலே சொருகினேன்.

அறைக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் திருநெல்வேலிக்காரர் கோபப்பட்டார். "தாள்ல எழுதினா என்னல? கம்பெனிய விட்டுட்டா அந்தத் தாள் செல்லுமா? 'வேலையில் இருக்கும்வரை'ன்னுதான எழுதியிருக்க. வேலைய விட்டா முடிஞ்சி."

அது எனக்குத் தோன்றவே இல்லை. குழப்பம் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தது.

"நாளைக்கு எனக்கு செகண்ட் ஷிப்டு. பதினோரு மணிக்கு உன் கேட்டுக்கு வெளிய வண்டியோட நிக்கேன். பைக்ல அம்பது நிமிசம். சர்ட்டிபிகேட் பைலை எடுத்துட்டுப் போ. வந்தா வா."

வெள்ளிக்கிழமை பைலோடுதான் போனேன். லாக்கரில் போனுக்கு அடியில் வைத்தேன். காலை முழுவதும் எத்தனை சீட் போனது என்று தெரியாது. தரம் பார்க்கிறவள் இரண்டைத் திருப்பி அனுப்பி, "அண்ணா, உறை திரும்பிக் கிடக்கு, தூங்குறீங்களா?" என்றாள்.

பதினொரு மணிக்கு லாக்கரைத் திறந்தபோது கல்லூரி எண்ணிலிருந்து இரண்டு தவறிய அழைப்புகள். திருநெல்வேலிக்காரர் அனுப்பிய செய்தி ஒன்று: வெளியேதான் நிற்கிறேன். நான் கல்லூரிக்கு அழைத்தேன். அதே ஆள்.

"வந்துட்டிருக்கியா தம்பி? லிஸ்ட்ல உன்னோட சேத்து மூணு பேர்தான் பாக்கி."

"இல்ல சார்."

"வரலையா?"

பைலை உள்ளேயே விட்டு லாக்கரைச் சாத்தினேன்.

"இங்க ஒரு காரணம் போடணும். 'வரவில்லை'ன்னு போடவா, 'வேண்டாம் என்றார்'னு போடவா? வரலைன்னு போட்டா பன்னெண்டு வரைக்கும் உன் பேரு நிக்கும். வேணாம்னு போட்டா இப்பவே அடுத்த ஆளக் கூப்பிட்டுருவேன். வெளிய ஒரு பொண்ணு காலையிலேர்ந்து நிக்குது."

இதுவரை நான் விட்டுவிட்டு வந்த இடங்களில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. ஒருநாள் போக மாட்டேன், அடுத்த நாளும் போக மாட்டேன், அவ்வளவுதான். ஐ.டி.ஐ. பதிவேட்டில் இன்னமும் நான் வரவில்லை என்றுதான் இருக்கும்.

"யோசிச்சுச் சொல்லு. எழுதினா அடிக்க முடியாது."

"வேணாம்னு போடுங்க சார்."

"நிச்சயமா?"

நிச்சயமில்லை. "போடுங்க சார்" என்றேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு போனை வைக்காமலே அவர் யாரையோ கூப்பிட்டார், "வாம்மா, உள்ள வா." அதோடு இணைப்பு நின்றது.

இடைவேளை முடிய இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. திருநெல்வேலிக்காரர் வெயிலில் நின்றுகொண்டிருப்பார். போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு வரி செய்தி அடித்து அனுப்பிவிட்டு, சாப்பிடாமல் லைனுக்குத் திரும்பிவிட்டேன். கேட் பக்கம் மட்டும் போகவில்லை. போயிருந்தால் வண்டியில் ஏறியிருப்பேன்.